கரிசலில் பசுமைக் கட்டமைப்பு: எது தாங்கும், எது தாங்காது

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நகரங்களுக்குப் பசுமைக் கட்டமைப்பு வேண்டும் என்ற பேச்சு தலைமைச் செயலகத்திலிருந்து சின்ன ஊர்களின் நகர்மன்றக் கூட்டம் வரை வந்துவிட்டது. மரங்கள், பூங்காக்கள், சீரமைத்த குளங்கள், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தோட்டங்கள், தண்ணீர் புகும் நடைபாதைகள் எல்லாம் இந்தப் பெயருக்குள் அடக்கம். இவை வெள்ளத்தைக் குறைக்கும், வெக்கையைத் தணிக்கும், நிலத்தடி நீரைக் கூட்டும், சிமெண்டு வடிகாலைவிட மலிவாகவும் முடியும் என்பது வாதம். ஒரே செலவில் மூன்று பலன் என்று சொல்லப்படும் எதையும் மூன்றாகப் பிரித்து வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதற்குக் கோவில்பட்டியைவிடக் கடுமையான சோதனைக்களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இல்லாத ஊர். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 95,000 பேர். குடிக்கும் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். காலுக்குக் கீழே கரிசல்.

அந்த மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் எட்டயபுரம் சாலையில் ஊர் தாண்டி, உழாமல் கிடக்கும் ஒரு மானாவாரிப் புஞ்சையில் இறங்கிப் பாருங்கள். நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பெரிய வெடிப்பு ஒன்றில் கையை விட்டால் முழங்கை வரை போகும். உள்ளே விரலில் படும் மண்கட்டி கல்லுக்குச் சமம். புரட்டாசிக் கடைசியில் விழும் முதல் மழை முழுவதையும் அந்த வெடிப்புகள் விழுங்கிவிடும், தெருவில் ஒரு சொட்டு ஓடாது. அடுத்த சில மழைக்குள் களிமண் நீர் குடித்து உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு அதே புஞ்சையில் மணிக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காது. செருப்பில் ஒட்டிய களி ஒவ்வொரு அடிக்கும் கனம் கூட்டும். அதனால்தான் இங்குள்ள சம்சாரிகள் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். மழை விழுந்த பிறகு ஏர் பூட்ட நிலம் இடம் கொடுக்காது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல் சுமார் 200 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்காகப் பிடித்து வைக்கும். கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் அந்தச் சேமிப்பில்தான் விளைகின்றன. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் வேலை செய்துவருகிறது. கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண். கீழே கடத்திவிடும் மண் அன்று.

பசுமைக் கட்டமைப்பின் பிரபலமான உத்திகளில் பெரும்பாலானவை கடத்திவிடும் மண்ணை நம்பி உருவானவை. மழைத்தோட்டம், உறிஞ்சுகுழி, சாலையோரப் புல் வாய்க்கால், நீர் புகும் தளம் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: மேலே விழுந்த நீர் சில மணி நேரத்தில் கீழே போய்விட வேண்டும். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அது சென்னையின் கடலோர மணற்பகுதிகளில் பலன் தந்தது. பெசன்ட் நகர் போன்ற இடங்களில் கிணறுகள் ஊறின. அதே சட்டம் அதே குழியோடு கரிசல் ஊர்களுக்கும் வந்தது. இங்கே நாலடிக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மாடித் தண்ணீரை அதில் விட்டால் என்ன ஆகும் என்று சோதிக்க எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். கார்த்திகை மாதத்தில் குழி வெட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் போதும். தண்ணீர் அங்கேயே நிற்கும், கொசுப்புழு நெளியும். குழியின் பக்கச் சுவர்கள் உப்பி மணலுக்குள் களி புகுந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் குழி பெயரளவில்தான் இருக்கும்.

வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. களிப்படலத்தைத் தாண்டி, கீழே உள்ள சிதைந்த பாறைவரை துளையிட்டு, வண்டல் நுழையாமல் வடிகட்டி வைத்தால் நீர் இறங்கும். ஆனால் அது செலவு பிடிக்கும் வேலை. பராமரிப்பு தவறினால் வீட்டுச் சாக்கடை நேராக நிலத்தடிக்குப் போகும் ஆபத்தும் உண்டு. மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துப் புழங்குவதே இந்த மண்ணில் நேர்மையான மழைநீர்ச் சேகரிப்பு. நடைபாதைத் தளத்தின் கதையும் இதேதான். உப்பியும் சுருங்கியும் ஆண்டுக்கு ஒரு முறை அசையும் தரைமேல் பேவர் பிளாக் பாவினால் இரண்டு மழைக்குள் மேடு பள்ளமாகிவிடும். இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிற எந்தக் கொத்தனாரும் கரிசலை நம்பிக் கடைக்கால் போடுவதில்லை. தோண்டி எடுத்துவிட்டுச் சரள் அடித்துத் திம்சு போட்ட பிறகுதான் கல் வைப்பார். கொத்தனாருக்குத் தெரிந்தது திட்ட அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மழையை உறிஞ்சிக்கொள்ளும் நகரம் என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது சீனா. 2015-இல் 16 நகரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி ஸ்பாஞ்ச் நகரம் என்ற பெயரில் பல ஊர்களுக்கு விரித்தது. அந்தப் பணிகளுக்குப் பெரும் பணம் ஒதுக்கிய ஜெங்ஜோ நகரத்தில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து பயணிகள் இறந்தார்கள். அந்த நாளைக் காட்டி ஸ்பாஞ்ச் நகரமே பொய் என்று சிலர் எழுதினார்கள். அவ்வளவு மழையை எந்த ஊர்தான் தாங்கும் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு தரப்பும் அளவைப் பற்றிப் பேசாமல் விட்டன. எந்த அளவு மழைவரை ஒரு கட்டமைப்பு தாங்கும், அதற்கு மேல் வரும் நீர் எந்த வழியாகப் போகும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதாத திட்டத்தை மதிப்பிடவே முடியாது. கோவில்பட்டிக்கும் இதே அளவுகோல்தான்.

கரிசல்காட்டு மக்கள் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கப் பார்க்கவில்லை. இறங்காது என்று அவர்களுக்குத் தெரியும். மேலேயே ஓடவிட்டு மேலேயே தேக்கினார்கள். புஞ்சையில் வழியும் நீர் வரப்போரம் சேர்ந்து ஓடையாகி, வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் வரும். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஓடைக்குப் போய் அடுத்த கண்மாய்க்குச் சேரும். குடிநீருக்கு ஊருணி தனி; அதற்குள் ஆடு மாடு இறங்காது. கோடையில் வற்றிய உள்வாயில் கரம்பை வெட்டி வண்டி வண்டியாகப் புஞ்சைக்கு அடிப்பார்கள். கண்மாய்க்கு ஆழம் கிடைக்கும், நிலத்துக்குச் சத்து கிடைக்கும். நீர்ப்பாய்ச்சி மடை திறந்து மூடுவார், அதற்கு அவருக்குக் களத்தில் பங்கு உண்டு. இது முழுக்க முழுக்கப் பசுமைக் கட்டமைப்பு. வடிவம், பராமரிப்பு, கூலி, உரிமை எல்லாம் உள்ளடங்கிய ஒன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்து உருளைக்குடியில் பிறந்த சோ. தர்மன், அந்த ஊர்க் கண்மாயை நடுவில் வைத்து எழுதிய ‘சூல்’ நாவலுக்கு 2019-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஊரார் கையிலிருந்த கண்மாய் அவர்கள் கையைவிட்டுப் போனபோது என்ன இழக்கப்பட்டது என்பதற்கு அந்த நாவல் எந்த அரசு ஆவணத்தையும்விட நல்ல சாட்சி. பாராட்டு அதோடு நிற்கட்டும். பழைய ஏற்பாடு என்பதாலேயே அது இன்றைய மழையைத் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கரிசல் காட்டில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில், 50 ஏக்கர் பரப்புள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் கொள்ளளவு மூன்று லட்சம் கன மீட்டர், அதாவது 30 கோடி லிட்டர். அதற்கு நீர் வரும் பரப்பு 5 சதுர கிலோமீட்டர் என்று வைப்போம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 50 கோடி லிட்டர். நிலம் ஏற்கெனவே ஈரமாக இருந்து பாதி வழிந்து வந்தால் 25 கோடி லிட்டர். வெறும் கண்மாய் அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். கீழே உள்ள தெருவில் வெள்ளம் வராது. அதே கண்மாய் பாதி தூர்ந்து கிடந்தால் 10 கோடி லிட்டர் வெளியே போகும். இப்போது 50 சென்டிமீட்டர் மழையைக் கணக்கில் எடுங்கள். விழுவது 250 கோடி லிட்டர். உப்பிய கரிசலில் ஐந்தில் நாலு பங்கு ஓடி வந்தாலும் 200 கோடி லிட்டர். கண்மாய் காலியாக இருந்தாலும் ஆறில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது.

இந்த 50 சென்டிமீட்டர் என் கற்பனை அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான அதே மழையில் கோவில்பட்டியிலும் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஓராண்டு மழையில் பெரும்பங்கு ஓர் இரவு பகலில். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். ஆகவே இப்படிப்பட்ட நாள் மறுபடி வராது என்று எண்ணித் திட்டம் போட வழியில்லை. அன்றைய மழையைக் கண்மாய் தடுத்திருக்கும் என்று சொல்பவர்கள் கணக்குப் பார்க்காமல் சொல்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் பல கண்மாய்களின் கரைகளே உடைந்தன. உடைந்த கண்மாய் வெள்ளத்தைக் குறைப்பதில்லை, ஒரே நேரத்தில் கொட்டி அதைப் பெருக்குகிறது.

இன்னொரு சிக்கலை இந்தப் பேச்சில் யாரும் தொடுவதில்லை. வெள்ளத்தைத் தாங்கக் கண்மாய் காலியாக இருக்க வேண்டும். கோடையைத் தாண்ட அது நிறைந்திருக்க வேண்டும். மார்கழிப் பிறப்பில் வந்த 2023 மழை பருவத்தின் வால் பகுதியில் வந்தது. பருவம் ஒழுங்காகப் பெய்த ஆண்டில் அந்தத் தேதிக்குக் கண்மாய்கள் நிறைந்தோ, நிறையும் நிலையிலோ இருக்கும். அப்போது மடையைத் திறந்து இடம் உண்டாக்குவது யார்? பாதிக் கண்மாயை வெளியேற்றிய பிறகு மழை ஏமாற்றிவிட்டால் சம்சாரிக்கு யார் பதில் சொல்வது? வானிலை முன்னறிவிப்பை வைத்து மடையை இயக்கும் ஒழுங்கு பெரிய அணைகளுக்கு உண்டு. கரிசல் கண்மாய்க்கு இல்லை. அதை உருவாக்காமல் கண்மாயை வெள்ளத் தடுப்பு என்று அழைப்பது பெயரளவில்தான்.

ஆக, தண்ணீர்ப் பங்கில் என் மதிப்பீடு இது. 5 முதல் 15 சென்டிமீட்டர்வரை பெய்யும் மழைகளுக்குத் தூர்வாரிய கண்மாய்ச் சங்கிலி எந்த சிமெண்டு வடிகாலையும் மிஞ்சும். அடிக்கடி வந்து தெருக்களையும் கடைகளையும் மூழ்கடிக்கும் மழைகள் அந்த வகைதான் என்பதால் இது சிறிய நன்மை அன்று. அரை மீட்டர் மழைக்கு அது பாதுகாப்பு ஆகாது. அந்த நாளுக்கு வேண்டியது வழி. உறுதியான கரை, அகலமான மறுகால், தடையில்லாத ஓடை, முன்கூட்டி ஆட்களை வெளியேற்றும் ஏற்பாடு. இந்த நான்கில் ஓடைதான் இன்று மிக மோசமான நிலையில் இருக்கிறது.

எந்த மானாவாரி ஊரிலும் ஓடை ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும். வறண்ட இடத்தைக் காலி இடமாக நினைப்பது மனித இயல்பு. முதலில் குப்பை, பிறகு வண்டி நிறுத்தம், பிறகு பெட்டிக்கடை, பிறகு தூண் எழுப்பிய காங்கிரீட் கடை. ஊருக்கு வெளியே இதைவிட அமைதியாக ஒரு வேலை நடக்கிறது. கரிசல் புஞ்சை பிளாட் ஆகும்போது ஒவ்வொரு மனையும் சரள் அடித்து மேடாக்கப்படுகிறது. வரப்பு போகிறது, வரப்போரம் வழிந்த நீர்த்தடம் போகிறது. பத்து மீட்டர் அகலமாக வந்த நீர், சாலைக்குக் கீழே மூன்றடிக் குழாயில் நுழையப் பார்க்கிறது. நுழையாத தண்ணீர் சாலைக்கு அந்தப்பக்கத்துப் பழைய, தாழ்ந்த வீடுகளைத் தேடிப் போகிறது. அந்த வீட்டுக்காரர்கள் எந்த ஆக்கிரமிப்பும் செய்யாதவர்கள்.

ஓடையை மீட்பதில் நியாயத்தின் கேள்வியும் இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்தது, நீதிமன்ற உத்தரவுகளும் வந்தவண்ணம் உள்ளன. அகற்றம் என்றதும் பொக்லைன் முதலில் போய் நிற்கும் இடம் ஓடைக்கரையில் தகரம் போட்டு வாழும் குடும்பங்களின் வாசல். பட்டாவும் மின் இணைப்பும் வக்கீலும் உள்ள கட்டடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீரோட்டத்துக்கு அதிகத் தடை எது என்று அளந்து அந்த வரிசையில் அகற்றினால் பெரும்பாலும் பாலங்களும் குழாய்களும் பெரிய கட்டடங்களுமே முன்னால் வரும். குடிசைகளுக்கு ஊருக்குள்ளேயே மாற்று மனை கொடுத்த பிறகு கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பசுமைத் திட்டம் ஏழைகளை வெளியேற்றும் திட்டமாக முடியும். அதை நான் ஆதரிக்க மாட்டேன், எத்தனை சென்டிமீட்டர் வெள்ளம் குறைந்தாலும்.

கண்மாய்க்கு வருவோம். நகரை ஒட்டிய கண்மாய்களுக்கு நேர்ந்த பெரிய கேடு தூரும் அன்று, கழிவுநீரும் அன்று. ஆயக்கட்டு போனதுதான். கீழே வயல் இருந்தவரை அதன் மடைக்கு ஆள் இருந்தான். வயல் மனையானபோது கண்மாயைக் கேட்க ஆளில்லாமல் போனது. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு, ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, பாலம் நெடுஞ்சாலைக்கு, சாக்கடை நகராட்சிக்கு. ஐந்து பேருக்கும் பங்குண்டு, ஐந்து பேரில் ஒருவருக்கும் முழுப் பொறுப்பில்லை. 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது கரையும் மடையும் சீரமைக்கப்பட்ட இடங்கள் உண்டு. ஆனால் பாசன சங்கமே இல்லாத நகரக் கண்மாயில் குடிமராமத்துக்குக் குடி யார்? இதற்கு ஒரே விடைதான் எனக்குத் தெரிகிறது. நகரையே அந்தக் கண்மாயின் ஆயக்கட்டாக அறிவிக்க வேண்டும். வெள்ளத்திலிருந்து காக்கப்படும் தெருக்கள், நீர் ஊறும் கிணறுகள் எவை என்று வரைந்து, சொத்து வரியில் ஒரு சிறு பங்கைக் கண்மாய்க்கென்று ஒதுக்கி, நீர்ப்பாய்ச்சியின் வேலையைச் சம்பளத்தோடு நகராட்சியில் ஒரு பணியிடமாக உருவாக்க வேண்டும். மடையை எப்போது திறப்பது என்ற முடிவும் அந்த அமைப்பிடம் இருக்க வேண்டும். இது இல்லாமல் தூர்வாரினால் பத்தாண்டில் மறுபடி தூர்ந்துவிடும்.

இதற்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் நடப்பது அழகுபடுத்தல். கோயம்புத்தூரில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் வாலாங்குளமும் உக்கடம் பெரியகுளமும் நடைபாதையும் விளக்கும் இருக்கையுமாக மாறின. மாலையில் மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், அது நல்லது. குளம் கண்ணில் படும் இடத்தில் அதை யாரும் எளிதில் மூட முடியாது என்ற வாதத்தையும் மதிக்கிறேன். ஆனால் கரையோரம் நடைபாதை எழுப்பக் குளத்தின் விளிம்பைத்தான் நிரப்புகிறார்கள். தாழ்ந்த கரையோரம் நீர் ஏறி இறங்கும் ஈரப்பட்டை போகிறது, பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் அதுதான் வீடு. கரிசலில் கூடுதல் கேடு ஒன்று: உப்பிச் சுருங்கும் கரைமேல் கட்டிய சுவர் விரிசல் விடும், விரிசல் வழியே கரை அரிக்கும். இங்கே மண்கரையே சரி. அதன்மேல் பனை நிற்கட்டும், மண்பாதை போட்டு மக்கள் நடக்கட்டும்.

மரத்துக்கு வருகிறேன். பசுமை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மரம்தான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. நாட்டு மரங்களுக்கு முன்னுரிமை என்ற அதன் கொள்கை சரியானது. அளவுகோல்தான் கவலை. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மர விதானம் தெரிந்தால் அது வனப்பரப்பு, மரம் எது என்று பார்ப்பதில்லை. கரிசல்காட்டில் செயற்கைக்கோளுக்கு மிகப் பச்சையாகத் தெரிவது வேலிக்கருவை என்ற சீமைக்கருவேலம். கண்மாய் உள்வாய் முழுக்க அது மண்டினால் படத்தில் பசுமை கூடும், கண்மாயில் வண்டல் தங்கும், வரத்துக்கால் அடைபடும். நிலத்தடி நீரை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் வாதம் இருக்கிறது. கண்மாய்க்குள் அது செய்யும் கேட்டில் வாதமே இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிட்டு, பின்பு அந்த வேலைக்குத் தடை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். விளாத்திகுளம் பக்கத்தில் கரிமூட்டம் போட்டு அதில் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ஆகவே கண்மாய்க்குள்ளும் ஓடைக்குள்ளும் ஒன்றுவிடாமல் எடுப்பது, தரிசில் விறகுக்கு விட்டுவைப்பது என்ற பிரிவினைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். எடுத்த இடத்தில் மூன்று ஆண்டு முளைப்பைப் பிடுங்காவிட்டால் செலவழித்த பணம் வீண்.

இப்போது ஊருக்கு ஊர் போடப்படும் மியாவாக்கி குறுங்காடுகளையும் இந்த மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள், நெருக்கி நட்டு, இரண்டு மூன்று ஆண்டு நீர் ஊற்றினால் அடர்காடு. ஜப்பானின் ஈரமலைச் சரிவில் அடர்காடு இயற்கை. கரிசலில் இயற்கை என்பது இடைவெளி விட்டு நிற்கும் உடையும் வெள்வேலும் விடத்தலையும், நடுவே புல்லும் ஆவாரையும். குருமலைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் குடிநீருக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் ஊரில் லாரித் தண்ணீரில் வளர்க்கும் அடர்காட்டுக்கு ஒரு காரணம்தான் சொல்ல முடியும்: நட்ட கன்றின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். நடுவதை எண்ணாமல் ஐந்தாம் ஆண்டுச் சித்திரையில் உயிரோடு நிற்பதை எண்ணினால் இந்த முறை இங்கே தேறாது என்பது என் முடிவு.

அப்படியானால் வெக்கைக்கு மரமே பயன் இல்லையா? உண்டு, நிழல் என்ற வகையில். மரம் ஊர்க் காற்றின் வெப்பத்தை ஓரளவே குறைக்கும். ஆனால் நிழலில் நிற்பவரின் உடல்மேல் விழும் வெயிலைத் தடுப்பது உடனடிப் பலன். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றால் அது யாரை எங்கே தாக்குகிறது என்று பார்த்து நிழலை அங்கே கொண்டுபோக வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும் இடம், தீப்பெட்டி ஆலைக்கு நடந்து போகும் பாதை, வாரச் சந்தை, பள்ளி வாசல். நான்குவழிச் சாலைக்காக மதுரையிலிருந்து கன்னியாகுமரிவரை சாலையோரப் புளியமரங்கள் சாய்ந்தன; சாலை நடுவில் அரளி வந்தது. அரளி பூக்கிறது. வெயிலில் நடப்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. வேம்பு, புளி, வாகை, பூவரசு ஆகிய நாலையும் சாலையின் மேற்கோரம் நட்டு, பிற்பகல் நிழல் நடைபாதையில் விழும்படி செய்தால் போதும். ஆலைக்குள் வெக்கைக்கு மரம் பதில் சொல்லாது. தகரக் கூரையின்மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பது அதைவிட மலிவு, உடனே பலிக்கும். வறண்ட காற்று இருந்ததால்தான் இந்தப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. குச்சி காயாத நாளில் வேலை இல்லை, கூலி இல்லை. ஊரைக் குளிர்ச்சியான தோப்பாக மாற்றும் கனவு இந்த ஊரின் பிழைப்பையே புரிந்துகொள்ளாத கனவு.

செலவுக்கு எல்லை உண்டு என்பதால் முடிவை வரிசையாகவே சொல்கிறேன். ஒரு நகராட்சியிடம் ஒரே ஒரு வேலைக்குப் பணம் இருந்தால் அது ஓடைக்குப் போக வேண்டும்: அளவீடு, பாலங்களை அகலப்படுத்தல், குடியிருப்போருக்கு மாற்று மனை. இரண்டாவது, கண்மாய், ஆனால் ஆயக்கட்டாக ஊர் பொறுப்பேற்ற பிறகு. மூன்றாவது, உழைக்கிறவர் நிற்கும் இடத்தில் நிழல், கூரைப் பூச்சு. உறிஞ்சுகுழி, மழைத்தோட்டம், அடர்காடு, கரையோரப் பூங்கா ஆகியவற்றுக்கு இந்த மண்ணில் என் பரிந்துரை இல்லை. புது மனைப்பிரிவு அனுமதியில் ஒரு நிபந்தனை சேர்த்தால் இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் வரும்: சரள் அடிக்கும் முன் பழைய நீர்த்தடம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், அதன் அகலத்தில் ஓர் அடிகூடக் குறையக் கூடாது.

இந்த மதிப்பீட்டில் கோவில்பட்டியின் எல்லையோடு நிற்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. 2023 டிசம்பரில் கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து தூத்துக்குடி மூழ்கியது. கயத்தாறு, கடம்பூர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் விழுந்த மழை உப்பாற்று ஓடை வழியாகத் திரண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. மேட்டிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு கண்மாய்களில் ஒவ்வொன்றும் ஒரு பங்கைச் சில மணி நேரம் தாமதப்படுத்தினால், அரை மீட்டர் மழையில்கூடக் கோரம்பள்ளத்துக்கு வரும் நீரின் உச்சம் தணியும். ஒரு கண்மாய்க்கு நான் போட்ட கணக்கு தனிக் கண்மாய்க்குத்தான் அவ்வளவு பாதகமானது, சங்கிலிக்கு அல்ல. அப்படியானால் மேட்டுக் கண்மாயின் தூர்வாரும் செலவில் ஒரு பங்கு தூத்துக்குடி மாநகராட்சியின் வெள்ளத்தடுப்பு நிதியிலிருந்து வருவதுதான் முறை. அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பணம் கீழ்முனையில் வடிகாலாகவும் தடுப்புச் சுவராகவும் செலவாகிறது, மேல்முனையில் மறுகால் கட்டுமானம் உடைந்தபடி கிடக்கிறது. படுகை அளவில் ஒரு கணக்கேட்டைத் தொடங்கி, இந்தச் சங்கிலியின் எந்தக் கண்மாய் எவ்வளவு நீரை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று அளப்பதுதான் அடுத்த ஐப்பசிக்கு முன் முடிக்கக்கூடிய வேலை.